கல் கொட்டாயில் நாற்பது நாள்

என் மனைவியை நாற்பது நாள் ஒரு கல் கொட்டாயில் தனியாக விட்டிருந்தேன். டாக்டர் சொன்னது பத்து நாள். மீதி முப்பதை நானாகச் சேர்த்தேன். விவரம் தெரியாத ஒருவன் பயத்தில் அப்படிச் செய்தான் என்றால் மன்னித்துவிடலாம். நான் விவரம் தெரிந்தவன். அதுதான் என் பிழைப்பு.

எண்பதுகளின் நடுவில் நடந்தது. நாங்கள் அப்போது ஓசூரில், தொழிற்பேட்டைக்குப் பின்னால் ஒரே ஓட்டுக்கூரையின் கீழ் ஆறு வீடுகள் வரிசையாக இருந்த ஒரு லைன் வீட்டில் குடியிருந்தோம். எனக்குச் சொந்த ஊர் கல்லாவி. கிருஷ்ணகிரியில் வேதியியல் படித்துவிட்டு, பெங்களூரில் ஒரு பெரிய ஆஸ்பத்திரியின் அணு மருத்துவப் பிரிவில் டெக்னீஷியனாகச் சேர்ந்தேன். மனைவிக்கு அஞ்செட்டிக்கு அப்பால் நாட்றாம்பாளையம். அவள் ஓசூரிலேயே ஒரு கம்பெனியில் மோட்டாருக்கான செப்புக் கம்பிச் சுருள் சுற்றினாள். காயில் என்பார்கள். சுற்றி முடித்த ஒவ்வொரு காயிலையும் மீட்டரில் வைத்துப் பார்த்து, சரியாக இருந்தால் பச்சை மை தொட்டு வைக்க வேண்டும். எங்களுக்கு இரண்டரை வயதில் ஒரு பெண் குழந்தை.

காலை ஐந்தரைக்கு ஓசூரில் பஸ் ஏறினால், அத்திப்பள்ளி செக்போஸ்ட்டில் நிற்கிற நேரத்தையும் சேர்த்து ஏழரைக்குள் ஆஸ்பத்திரியில் இருப்பேன். நோயாளிகள் வருவதற்கு முன் மருந்து தயாராக வேண்டும். வாரத்துக்கு ஒருமுறை பம்பாயிலிருந்து விமானத்தில் ஓர் ஈயக் குடுவை வரும். அதற்குள் சின்னக் கண்ணாடிப் புட்டி. அதில் பார்வைக்குத் தண்ணீர் போலவே இருக்கும் மாலிப்டினக் கரைசல். அந்த மாலிப்டினம் கதிரை வீசிக்கொண்டே கொஞ்சம் கொஞ்சமாக டெக்னீசியமாக மாறிக்கொண்டிருக்கும். நோயாளிக்கு வேண்டியது டெக்னீசியம் மட்டும். அதை ஊசியில் ஏற்றி, காமிராவின் கீழே படுக்கவைத்தால் எலும்பு, ஈரல், சிறுநீரகம் எல்லாம் படத்தில் விழும். ஆறு மணி நேரத்தில் அதன் வீரியம் பாதியாகிவிடும் என்பதால் அன்றைக்கு வேண்டியதை அன்றைக்குக் காலையில்தான் பிரித்தெடுக்க வேண்டும். பிரித்தெடுப்பது என் வேலை.

ஈயச் செங்கல் சுவருக்குப் பின்னால் நின்றுகொண்டு, நீளமான இடுக்கிகளால்தான் எல்லாவற்றையும் தொட முடியும். காரம் சேர்த்த கரைசலில் கீட்டோனை ஊற்றிக் கலக்குவேன். பெயின்ட்டில் கலக்கும் தின்னர் போல மூக்கைத் துளைக்கும் திரவம் அது. சற்று நேரம் அப்படியே விட்டால், எண்ணெயும் தண்ணீரும் போல இரண்டு அடுக்காக நிற்கும். டெக்னீசியம் கீட்டோனோடு மேலே போய்விடும். மாலிப்டினம் கீழேயே தங்கிவிடும். மேலடுக்கை மட்டும் உறிஞ்சி, அலுமினாப் பொடி அடைத்த கண்ணாடிக் குழாய் வழியாகச் சொட்டுச் சொட்டாக இறக்குவேன். தப்பித்தவறி மேலே ஏறிவந்த மாலிப்டினத்தை அந்தப் பொடி பிடித்துக்கொள்ளும். பிறகு வெந்நீர்த் தொட்டியில் வைத்து, கீட்டோன் முழுக்க ஆவியாகும் வரை காத்திருந்து, அடியில் கண்ணுக்கே தெரியாமல் ஒட்டிக்கொண்டிருப்பதை உப்புநீரில் கரைத்து எடுத்தால் மருந்து.

கடைசியில் ஒரு சோதனை உண்டு. மருந்துப் புட்டியை ஈயக் கூட்டுக்குள் வைத்து அளக்க வேண்டும். டெக்னீசியத்தின் கதிரை ஈயம் விழுங்கிவிடும். மாலிப்டினத்தின் கதிர் முரட்டுக் கதிர். அது ஈயத்தைத் தாண்டி வரும். அந்த அளவு, விதியில் சொன்ன வரம்புக்குக் கீழே இருந்தால் மருந்தை அனுப்பலாம். மேலே இருந்தால் கொட்டிவிட்டு மறுபடி முதலிலிருந்து. நான் ஒரு நாளும் அந்தச் சோதனையைத் தவிர்த்ததில்லை. வரம்பு என்றால் எனக்கு வேதம். வரம்புக்குக் கீழே இருப்பதைப் பார்த்து யாராவது பயந்தால் எனக்குச் சிரிப்பு வரும்.

நோயாளிகளோடு வருகிறவர்களுக்கு விளக்கம் சொல்வதும் நாளடைவில் என் வேலையாகிவிட்டது. எனக்குத் தமிழ், கன்னடம், தெலுங்கு மூன்றும் வரும். அதிலும் தைராய்டு கட்டிக்காகக் கதிர் வீசும் அயோடின் குடித்தவர்களை வீட்டுக்கு அனுப்பும்போது, சொந்தக்காரர்கள் அவர்களைப் பிசாசைப் பார்ப்பது போலப் பார்ப்பார்கள். “பயப்பட ஒண்ணுமில்லீங்க. பத்து நாளு தள்ளிப் படுங்க, கொழந்தைய மடியில வெச்சிக்க விடாதீங்க. அதுக்கு மேல அவங்களும் நம்மள மாதிரிதான்” என்று மூன்று மொழியிலும் எத்தனை பேரிடம் சொல்லியிருப்பேன் என்று கணக்கே இல்லை.

அயோடின் தனி ரகம். மூடியைத் திறந்தாலே ஆவியாகக் கிளம்பக்கூடியது. அதனால் காற்றை உறிஞ்சி வெளியே தள்ளும் கண்ணாடிக் கூண்டுக்குள் வைத்துத்தான் திறக்க வேண்டும். மகள் பிறந்து ஆறு மாதம் இருக்கும்போது ஒரு நாள், கூண்டுக்குள் நான் புட்டியைத் திறந்து வைத்திருந்த நேரத்தில் கரண்ட் போனது. உறிஞ்சும் விசிறி நின்றுவிட்டது. உடனே மூடிவிட்டு அறையை விட்டு வெளியேறி, பெரிய டாக்டரிடம் சொல்லி, பதிவேட்டில் எழுத வேண்டும். நான் செய்யவில்லை. இன்னும் இரண்டு பேருக்கு அளந்து ஊற்ற வேண்டியிருந்தது. ஓசூர் பஸ்ஸும் மனதில் இருந்தது. மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றி முடித்தேன்.

உடம்புக்குள் போகிற அயோடின் கழுத்தில் இருக்கும் தைராய்டில்தான் போய்ச் சேரும். அதனால் சனிக்கிழமைதோறும் எங்கள் கழுத்தைக் கருவியின் முன் வைத்து எண்ணிக்கை எடுத்து எழுதிக்கொள்ள வேண்டும். அந்த வாரம் என் எண்ணிக்கை எகிறியிருந்தது. நான் போன வாரத்து எண்ணையே மறுபடி எழுதிவைத்தேன். அன்றைக்கும் வீட்டுக்குப் போய்க் குழந்தையை மார்மேல் போட்டுக்கொண்டு படுத்தேன்.

இரண்டு வருஷம் கழித்து மனைவியின் கழுத்தில் கட்டி தெரிந்தது. விரலால் தடவிக் காட்டி, “இங்க ஏதோ உருண்டையா ஓடுதுங்க” என்றாள். சோதித்ததில் புற்றுக் கட்டி என்று வந்தது. எங்கள் ஆஸ்பத்திரியிலேயே அறுவை செய்து எடுத்தார்கள். மிச்சம் ஒட்டிக்கொண்டிருக்கும் துணுக்குகளை அழிக்க அயோடின் குடிக்க வேண்டும் என்றார் பெரிய டாக்டர்.

“இது எதனால சார் வருது?” என்று அவரிடம் கேட்டேன்.

“காரணம் சொல்ல முடியாதுப்பா. நிறையப் பேருக்கு வருது. நல்ல வேளை, சொன்னபடி கேக்குற கட்டி இது” என்றார்.

நான் கேட்க நினைத்தது வேறு. அதைக் கேட்டால் பதிவேட்டு விஷயத்தைச் சொல்ல வேண்டிவரும். வாயை மூடிக்கொண்டேன். ஆனால் அன்றிலிருந்து என் மனதில் ஒன்று உட்கார்ந்துகொண்டது: இதை நான்தான் என் கழுத்தில் ஏற்றிக்கொண்டு பஸ்ஸில் வீட்டுக்குக் கொண்டுவந்தேன்.

அவள் குடிக்க வேண்டிய அயோடினை அளந்து ஊற்றியதும் நான்தான். ஈயக் கிண்ணத்துக்குள் சின்னக் கண்ணாடிக் குவளை. உறிஞ்சுகுழல் வைத்துக் குடித்தாள். பிறகு குவளையில் தண்ணீர் ஊற்றி அலசி அதையும் குடிக்கச் சொன்னேன். “வெறும் தண்ணியாட்டமே இருக்குதுங்க. இதுக்கா இவ்ளோ அமர்க்களம்?” என்று சிரித்தாள். நான் சிரிக்கவில்லை. தனியறைக் கதவைச் சாத்திக்கொண்டு வெளியே வந்துவிட்டேன்.

நான்கு நாள் அந்த அறையில் இருந்தாள். தினமும் ஒருமுறை, அவளிடமிருந்து ஒரு மீட்டர் தூரத்தில் கருவியை நீட்டி அளவு எடுப்பது என் பொறுப்பு. மற்ற நோயாளிகளிடம் தரையில் போட்ட மஞ்சள் கோட்டில் நின்று, இரண்டு வார்த்தை பேசிக்கொண்டே எடுப்பேன். அவளிடம் கோட்டுக்கு ஓரடி பின்னால் நின்று, கையை முழுக்க நீட்டி எடுத்தேன்.

“ரவுண்ட்ஸ் வர்ற டாக்டரம்மாகூட இவ்ளோ தூரம் நிக்கலீங்க” என்றாள் மூன்றாம் நாள்.

“ரூல் அப்படி” என்றேன்.

ஐந்தாம் நாள் அளவு வரம்புக்குக் கீழே வந்தது. பெரிய டாக்டர் என்னை அழைத்து, “உனக்கு நான் சொல்ல வேண்டியதில்ல. பத்து நாள். குழந்தைய மட்டும் ஜாக்கிரதையா தள்ளி வெச்சிக்கோ” என்றார். தலையாட்டினேன். அவளிடம் வந்து, நாற்பது நாள் என்றேன்.

ஏன் நாற்பது? இன்றுவரை எனக்கு ஒழுங்கான பதில் தெரியாது. குழந்தைக்காக என்று அப்போது நினைத்துக்கொண்டேன். அவள் உடம்பில் இருப்பது எட்டு நாளுக்கு ஒருமுறை பாதியாகும், மூத்திரத்தில் அதைவிட வேகமாக வெளியேறும் என்று பேப்பரில் போட்டுக் காட்டக்கூடியவன் நான். ஆனால் அவள் பக்கத்தில் வந்தால் நான் ஓரடி பின்னால் நகர்ந்தேன். அவளுடைய பயமற்ற முகத்தைப் பார்க்க முடியவில்லை என்பதும் காரணமாக இருக்கலாம்.

குழந்தையைப் பக்கத்து வீட்டில் விட்டேன். அவர்கள் திருநெல்வேலிப் பக்கத்திலிருந்து கம்பெனி வேலைக்கு வந்த குடும்பம். அந்த அம்மா எந்தக் கேள்வியும் கேட்கவில்லை. “பிள்ளைய நான் பாத்துக்கிடுதேன் அண்ணாச்சி, மதினிக்கு உடம்பு தேறட்டும்” என்றார். மனைவியை நாட்றாம்பாளையம் பஸ்ஸில் அழைத்துப் போனேன். அவளைக் கடைசி சீட்டில் ஜன்னலோரம் உட்காரவைத்துவிட்டு, நான் மூன்று சீட்டு முன்னால் உட்கார்ந்துகொண்டேன். தேன்கனிக்கோட்டை தாண்டிக் காட்டுப்பாதையில் வளைவு வளைவாகப் போகும்போது அவளுக்கு வாந்தி வந்தது. முன்னால் இருந்த ஒரு கிழவர்தான் தன் தண்ணீர்ப் பாட்டிலைக் கொடுத்தார்.

அவளுடைய அண்ணனுக்குக் காட்டோரம் கொஞ்சம் நிலம். ராகியும் கொள்ளும் போடுவார். வீட்டுக்குப் பின்புறம், நான்கு பக்கமும் ஆளுயரக் கல் பலகைகளை நட்டு, மேலே புல் வேய்ந்த ஒரு கொட்டாய் இருந்தது. மாட்டுத் தீவனத்துக்குக் காய்ந்த ராகித் தட்டு அடுக்கி வைக்கிற இடம். அதைச் சுத்தம் செய்து பாய் போட்டார்கள். நான் அண்ணனையும் அண்ணியையும் நிற்கவைத்துச் சட்டம் சொன்னேன்: தட்டு, டம்ளர் தனி, துணி தனி, சாப்பாட்டை வாசல் கல்லில் வைத்துவிட்டு வந்துவிட வேண்டும், நாற்பது நாளைக்கு யாரும் உள்ளே போகக் கூடாது.

“ஒடம்புல ஒட்டிக்குங்களா மாப்ள?” என்று கேட்டார் மச்சான்.

ஒட்டாது, இது தொற்றுவியாதி இல்லை என்று சொல்லியிருக்கலாம். எத்தனையோ பேருக்குச் சொன்ன வாக்கியம். “எதுக்கும் ஜாக்கிரதையா இருக்கறது நல்லது” என்று மட்டும் சொன்னேன்.

அந்த நாற்பது நாளில் இரண்டு முறை போய்ப் பார்த்தேன். இரண்டு முறையும் வேலிக்கு வெளியே நின்று பேசினேன். குழந்தை என்ன சாப்பிடுகிறாள், இன்னும் அம்மா எங்கே என்று கேட்டு அழுகிறாளா, கம்பெனியில் லீவு சொல்லிவிட்டீர்களா என்று அவள் கேட்பாள். பதில் சொல்லிவிட்டு, பஸ் போய்விடும் என்று கிளம்பிவிடுவேன். குழந்தை அழுவதை நிறுத்திவிட்டது என்பதை மட்டும் நான் அவளிடம் சொல்லவில்லை.

நாற்பதாவது நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. அவளைக் கூட்டிவர வேண்டிய நாள். ஆனால் எனக்கு நாற்பதும் போதவில்லை. முந்தின நாள் ஆஸ்பத்திரியிலிருந்து, உபரியாக இருந்த ஒரு சர்வே மீட்டரை யாரிடமும் கேட்காமல் சாப்பாட்டுப் பையில் போட்டுக்கொண்டு வந்துவிட்டேன். கதிர் பட்டால் முள் நகரும். கூடவே ‘டிக், டிக்’ என்று சத்தம் கேட்கும். அதை எடுத்துக்கொண்டு நாட்றாம்பாளையம் போனேன்.

அவள் தலை குளித்து, புடவை மாற்றிக்கொண்டு, பையைக் கட்டி வைத்து உட்கார்ந்திருந்தாள். மாப்பிள்ளை ஏதோ மிஷின் கொண்டுவந்திருக்கிறார் என்று மச்சான், அண்ணி, அக்கம்பக்கத்தில் நான்கைந்து பேர் வேலியோரம் கூடிவிட்டார்கள். நான் கொட்டாய் வாசலில் நின்று மீட்டரை அவள் கழுத்துக்கு நேரே நீட்டினேன்.

டிக். டிக்டிக். டிக்.

ஆஸ்பத்திரியில் எங்கள் அலுவலக அறையில் சும்மா வைத்தால் கேட்பதைவிடச் சற்று அடர்த்தியான சத்தம். முள்ளும் கொஞ்சம் ஏறித்தான் இருந்தது.

“சத்தம் வருது பாரு” என்று வேலியோரத்தில் யாரோ சொன்னார்கள். அண்ணி தன் முந்தானையை இழுத்து வாயை மூடிக்கொண்டார்.

“இன்னும் ஒரு இருவது நாள் போகட்டும்” என்றேன்.

மச்சான் தலையைக் குனிந்துகொண்டு வீட்டுக்குள் போனார். அவர் பின்னாலேயே அண்ணியும் போய்விட்டார். வேலியோரத்தில் இருந்தவர்கள் ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். முற்றம் காலியானதும் அவள் எழுந்து வாசலுக்கு வந்தாள்.

“ஜீரோ பாத்தீங்களா?” என்றாள்.

“என்ன?”

“காயில வெக்கறதுக்கு முன்னால, காயில் இல்லாம மீட்டரு என்ன காட்டுதுன்னு பாக்கணும். கம்பெனில மொத நாளே அதத்தான் சொல்லித் தருவாங்க. நீங்க பாத்தீங்களான்னு கேக்கறேன்.”

நான் பார்க்கவில்லை. பதினோரு வருஷ சர்வீஸில், எந்த அளவு எடுத்தாலும் முதலில் வெறும் அறையின் அளவைக் குறித்துக்கொள்கிறவன், அன்றைக்கு அதைச் செய்யவில்லை. அவள் என் கையிலிருந்து மீட்டரை வாங்கினாள். நாற்பது நாளில் அவள் விரல் என்மேல் பட்டது அதுதான் முதல் தடவை. நான் கையை இழுத்துக்கொண்டேன். அதை அவள் பார்த்தாள்.

மீட்டரைக் கொட்டாயின் கல் பலகை ஒன்றின்மேல் வைத்தாள். டிக்டிக். டிக். டிக்டிக். கழுத்தில் கேட்டதைவிட ஒரு மாத்திரை கூடுதலாகவே கேட்டது. அதை எடுத்துக்கொண்டு நடந்தாள். நான் பின்னாலேயே போனேன். முற்றத்து ஆட்டுக்கல்லில் வைத்தாள். மாடு கட்டும் கல்தூணில் வைத்தாள். ஆளே போகாத மேட்டில் கிடந்த பாறையில் வைத்தாள். எல்லா இடத்திலும் அதே சத்தம். திரும்பி வந்து தன் கழுத்தில் வைத்துக்கொண்டு, முள்ளைப் பார்த்தபடியே கொஞ்ச நேரம் நின்றாள்.

“கல்லுக்கும் எனக்கும் ஒரே அளவுதாங்க காட்டுது” என்றாள்.

கருங்கல்லில் இயற்கையாகவே சிறிது கதிர் உண்டு. எங்கள் பக்கத்துப் பாறை அத்தனையும் அந்த வகைதான். ஆஸ்பத்திரி அறையைவிட இங்கே சத்தம் கூடுதலாகக் கேட்பதில் அதிசயமே இல்லை. இது எனக்குப் படிக்கிற காலத்திலேயே தெரியும். கழுத்துக்கு நேரே நீட்டியபோதும் தெரிந்தே இருந்திருக்க வேண்டும். எனக்குத் தோன்றவில்லை என்று அவளிடம் சொன்னேன். அது உண்மையா, எனக்குத் தோன்றியும் தள்ளிவிட்டேனா என்பதை என்னால் இப்போது உறுதியாகச் சொல்ல முடியவில்லை.

“இத போயி அண்ணன்கிட்டயும் அண்ணிகிட்டயும் சொல்லுங்க” என்றாள்.

“அப்புறம் சொல்லிக்கலாம். இப்ப பஸ்ஸுக்கு நேரமாச்சு” என்றேன்.

மீட்டரை என் கையில் கொடுத்துவிட்டுத் தன் பையை எடுத்துக்கொண்டாள். வீட்டு வாசலில் நின்று, “அண்ணே, போயிட்டு வரேன்” என்று குரல் கொடுத்தாள். மச்சான் திகைத்துப்போய் என்னைப் பார்த்தார். நான் ரோட்டைப் பார்த்து நடந்தேன். பஸ்ஸில் அவள் முன் சீட்டில் இரண்டு பெண்களுக்கு நடுவே போய் உட்கார்ந்துகொண்டாள். பக்கத்தில் ஒரு பெண் மடியில் வைத்திருந்த குழந்தை அவள் வளையலைப் பிடித்து இழுத்தது. அவள் தடுக்கவில்லை.

ஓசூரில் எங்கள் மகள் அவளிடம் வரவில்லை. பக்கத்து வீட்டு அம்மாவின் கழுத்தைக் கட்டிக்கொண்டு முகத்தைத் திருப்பிக்கொண்டாள். “இவ உங்கம்மால்லா, போ” என்று அவர் இறக்கிவிட்டார். குழந்தை அவர் புடவையையே பிடித்துக்கொண்டு, அவரை அம்மா என்று கூப்பிட்டு அழுதது. அவருக்குத் தர்மசங்கடமாகிவிட்டது. என் மனைவி சமையலறைக்குள் போய் உலை வைத்தாள். மகள் தானாக அவள் மடியில் ஏறி உட்கார ஒன்பது நாள் ஆனது. அந்த ஒன்பது நாளை நான் எண்ணிக்கொண்டிருந்தேன். அவளும் எண்ணியிருப்பாள்.

மூன்று மாதம் கழித்துச் சோதனைக்குப் போனோம். படத்தில் கழுத்து சுத்தமாக இருந்தது. பெரிய டாக்டர் சந்தோஷமாகப் பேசிக்கொண்டே, “பத்து நாள் குழந்தைய விட்டுட்டு இருந்தது கஷ்டமா இருந்திருக்கும், இல்லம்மா?” என்று கேட்டார்.

அவள் என் பக்கம் திரும்பவில்லை. “ஆமாங்க சார், பத்து நாளு கஷ்டமாத்தான் இருந்துச்சு” என்றாள்.

வெளியே வந்து மருந்துக்கடை வரிசையில் நிற்கும்போதும் அதைப் பற்றிப் பேசவில்லை. என்னைத் திட்டியிருந்தால் நான் ஏதாவது சொல்லித் தப்பித்திருப்பேன். அவள் வேலைக்குத் திரும்பினாள். எல்லாம் முன்போலவே நடந்தது. ஆனால் நான் ஆஸ்பத்திரியில் யாருக்காவது ‘பத்து நாள்’ என்று விளக்கும்போது மட்டும் குரல் கம்மும். ஒருமுறை ஒரு பாகலூர்க்காரர், “ஏன் சார், உங்களுக்கே சந்தேகமா?” என்று கேட்டுவிட்டார்.

அடுத்த வருஷம் மச்சான் மகளுக்கு வளைகாப்பு. போனோம். கொட்டாயில் பழையபடி ராகித் தட்டு அடுக்கியிருந்தார்கள். பெண்கள் ஒவ்வொருவராகப் போய் அந்தப் பெண்ணின் கன்னத்தில் சந்தனம் தடவி, வளையல் போட்டுக்கொண்டிருந்தார்கள். அத்தைமுறை என்பதால் என் மனைவி எழுந்தாள். கையில் ஒரு டஜன் பச்சை வளையல் வைத்திருந்தாள். இரண்டு கடை ஏறி இறங்கித் தேர்ந்தெடுத்தது.

அண்ணி சட்டென்று குறுக்கே வந்து, தாழ்ந்த குரலில், “நீ உக்காரு கண்ணு. வளையல இப்புடி குடு, நானே போட்டுடறேன். வயித்துப் புள்ளக்காரி பாரு” என்றார்.

நான் ஆண்கள் பக்கத்தில், பத்தடி தூரத்தில் நின்றிருந்தேன். தெளிவாகக் கேட்டது. அந்த இடத்தில் நான்கு வார்த்தை சொல்லியிருந்தால் போதும். அங்கே இருந்த அத்தனை பேரும் நான் சொன்னால் நம்பியிருப்பார்கள். நாற்பது நாளையே நம்பியவர்கள். மனைவி ஒரே ஒருமுறை என் பக்கம் பார்த்தாள். நான் கையில் இருந்த காபியைக் குடித்தேன். அவள் வளையல்களைக் கொடுத்துவிட்டு உட்கார்ந்தாள்.

திரும்பி வரும் பஸ்ஸில் மகள் அவள் மடியில் தூங்கிவிட்டாள். நான் பக்கத்தில் உட்கார்ந்திருந்தேன். அஞ்செட்டி தாண்டியதும் எல்லாவற்றையும் சொன்னேன். கரண்ட் போனது, மூச்சை அடக்கிக்கொண்டு ஊற்றியது, பதிவேட்டில் பழைய எண்ணை எழுதியது, கட்டி என்னால்தான் வந்தது என்று நினைத்தது, முப்பது நாளை நானே சேர்த்தது. சொல்லி முடிக்கத் தேன்கனிக்கோட்டை வந்துவிட்டது.

அவள் மகளின் தலையை மறு தொடைக்கு மாற்றி வைத்துக்கொண்டாள்.

“இத அன்னைக்கே சொல்லியிருக்கலாமில்ல” என்றாள். “நான் என்னா தப்பு பண்ணேன், எதுக்கு இவரு என்ன இப்புடி ஒதுக்கறாருன்னு நாப்பது நாளும் அந்தக் கொட்டாயில உக்காந்து யோசிச்சிக்கினு இருந்தேன். கட்டி வந்ததுகூட எனக்கு அவ்ளோ பெரிசா தெரியல.”

நான் மன்னிப்புக் கேட்டேன். அது காதில் விழாதது போல, “டாக்டர்கிட்ட நீங்களே சொல்லுங்க. அண்ணன்கிட்டயும் நீங்களே போயி சொல்லுங்க. நான் வர மாட்டேன்” என்றாள்.

டாக்டரிடம் மறுநாளே சொன்னேன். அவர் கருவி தானாக அச்சடித்திருந்த பழைய சீட்டுகளை எடுத்துவரச் சொல்லி, ஒரு தாளில் கணக்குப் போட்டுப் பார்த்தார். “உன் கழுத்துல இருந்த அளவால உன் பொண்டாட்டிக்குக் கட்டி வர வாய்ப்பே இல்ல. அத விட்டுடு” என்றார். பிறகு கண்ணாடியைக் கழற்றி வைத்துவிட்டு, “ஆனா நீ எழுதினது பொய். இனிமே இந்தப் பதிவேட்டுல உன் கையெழுத்த நான் எப்படி நம்பறது?” என்றார். ஒரு வருஷம் நான் மருந்து பிரிக்கும் அறைக்குள் போகவில்லை. படம் கழுவும் இருட்டறையில் வேலை. எனக்குப் பதிலாக வேறொருவர் காலையில் வந்து கீட்டோன் ஊற்றினார்.

அந்த ஞாயிற்றுக்கிழமை நாட்றாம்பாளையம் போனேன். மச்சான் களத்தில் கொள்ளு காயவைத்துக்கொண்டிருந்தார். அண்ணி முறத்தோடு உட்கார்ந்திருந்தார். நின்றபடியே சொன்னேன். டாக்டர் சொன்னது பத்து நாள்தான். அன்றைக்கு மிஷினில் கேட்ட சத்தம் கல்லிலிருந்து வந்தது. அவள் உடம்பில் அப்போதே ஒன்றும் இல்லை.

மச்சான் கொட்டாயைத் திரும்பிப் பார்த்தார். “அப்ப எங்க கல்லுலதான் விஷம் இருக்குதுங்களா?” என்றார்.

அது விஷமில்லை, இந்த மலை உண்டான நாளிலிருந்தே இருப்பது, எல்லா ஊர்க் கல்லிலும் கொஞ்சம் கூடக்குறைய இருக்கும், அதனால் யாருக்கும் எதுவும் ஆகாது என்று அரைமணி நேரம் விளக்கினேன். அவர் பொறுமையாகக் கேட்டார். அண்ணி முறத்தைக் கீழே வைத்துவிட்டு அழ ஆரம்பித்தார். அவள் படுத்திருந்த பாயை எரித்ததையும், அவள் சாப்பிட்ட தட்டையும் டம்ளரையும் வரப்போரம் குழி தோண்டிப் புதைத்ததையும் அப்போதுதான் சொன்னார். அது மச்சான் கல்யாணத்துக்கு என் மனைவியின் அம்மா கொடுத்த பித்தளைத் தட்டாம்.

“சொல்லியிருந்தீங்கன்னா நான் அவளுக்கு அப்புடி பண்ணியிருப்பனா?” என்றார் அண்ணி.

மச்சான் கொள்ளைக் கையால் பரப்பிக்கொண்டே பேசினார். குரலில் கோபம் இல்லை. “எங்களுக்கு என்னா தெரியும் மாப்ள? மிஷினு தெரியுமா, கதிரு தெரியுமா? நீங்க படிச்சவரு. நீங்க பயந்தீங்க. உங்கள பாத்துத்தான் நாங்க பயந்தம்.”

அவர் சாப்பிட்டுப் போகச் சொன்னார். நான் பஸ் வரும் என்று சொல்லிவிட்டு ரோட்டுக்கு வந்தேன். பஸ் வர இன்னும் ஒன்றரை மணி நேரம் இருந்தது. அது அவருக்கும் தெரியும். புளியமரத்தடியில் நின்றேன். சற்று நேரத்தில் அண்ணி மண்வெட்டியோடு வரப்புப் பக்கம் போவது தெரிந்தது. குனிந்து ஓரிடத்தில் வெட்டிப் பார்த்தார். தட்டு அங்கே இல்லை போலிருக்கிறது, இரண்டடி தள்ளி மறுபடி வெட்டினார். போய் மண்வெட்டியை வாங்கி நான் வெட்டியிருக்கலாம். பஸ் வரும் வரை அங்கேயே நின்று பார்த்துக்கொண்டிருந்தேன்.